பாலைவனத்தில் ஒரு ‘வாங்க’

ஒளிந்துகொள்வது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், பிள்ளைகளா. மற்றதையெல்லாம் கேளுங்கள்.

லீவில் ஊருக்கு வந்திருந்த உங்களில் சிலர் போன மாதம் கடற்கரைச் சாலையில் என்னை மடக்கி, “அங்கிள், பாராசூட்ல குதிச்ச கதையச் சொல்லுங்க” என்றீர்கள். பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் இருக்கும்போது அந்தக் கதையைச் சொன்னால் வரிக்கு வரி திருத்துவாள். அதனால் நழுவிவிட்டேன். இப்போது அவள் தட்டாஞ்சாவடிக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் யாருமில்லை. உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிறந்து, பிரான்சுக்காகப் போர் விமானத்தில் ஏறப் போகிறவர்கள் நீங்கள். நானும் அப்படிப் போனவன்தான். என் அப்பா நம்மூர் பாஷையில் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய். காலால் நடந்தே போர் செய்தவர். நான் விமானி ஆகிறேன் என்றதும், “நடக்கச் சோம்பேறித்தனம், அதான் பறக்கப் போற” என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

என் விமானத்தில் இரண்டு இருக்கைகள். முன்னால் நான். பின்னால் யான் என்று ஒருவன். பிரான்சின் மேற்குக் கடலோரத்து மீனவர் வீட்டுப் பையன். திசை பார்ப்பது, குறி பார்ப்பது எல்லாம் அவன் வேலை. நான் பேசுவேன், அவன் பெருமூச்சு விடுவான். இப்படியே பல வருடங்கள் பறந்தோம்.

சஹாராவின் ஓரத்தில் ஒரு நாடு. அங்கே ஒரு போர். ஒரு பிற்பகல் கீழேயிருந்து ஏதோ ஒன்று எழும்பி வந்து எங்கள் வாலைப் பிய்த்துக்கொண்டு போனது. எரியக்கூடிய சிவப்பு விளக்குகளெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. அந்த நேரத்தில் விமானி தெளிவான குரலில் வெளியேறும் உத்தரவை மூன்று முறை சொல்ல வேண்டும் என்று உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொன்னது “ஐயோ அம்மா!” அதையும் ஒரு தடவைதான் சொன்னேன். யான் அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு, இருக்கைகளை வெளியே தூக்கி எறிகிற கைப்பிடியை இழுத்துவிட்டான். இருவரும் வெளியே போனோம். அவன் மட்டும் “இதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டிருந்தால் இதை எழுத ஆளில்லை.

காற்று எங்களைப் பிரித்தது. அவனுடைய பாராசூட் ஒரு பாறைமேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குவதைப் பார்த்தேன். நான் இந்தப் பக்கம் விழுந்தேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு கிழட்டு அதிகாரி திரும்பத் திரும்பச் சொல்வார்: தரையில் விழுந்ததும் எதுவும் செய்யாதே, முதலில் மூச்சு விடு. நான் மூச்சு விடுவதைத் தவிர எல்லாம் செய்தேன். ஓடினேன். திரும்பி வந்தேன். மறுபடி ஓடினேன். ஒரு முள்புதரைக் கண்டுபிடித்து அதற்குள் பாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஓசையே எழுப்பாமல் உட்கார்ந்தேன். எவ்வளவு நன்றாக ஒளிந்திருக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. பாராசூட்டைக் கழற்றவில்லை. அது என் தலைக்கு மேல் புதரை மூடிக்கொண்டு கல்யாணப் பந்தல் மாதிரி காற்றில் எழும்பி எழும்பி ஆடிக்கொண்டிருந்தது.

அதனால் எதிரி வந்தபோது நான் முதலில் கேட்டது சிரிப்புச் சத்தம். நாலைந்து பேர். ஒருவன் சிரித்துச் சிரித்துத் துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். நானும் கொஞ்சம் சிரித்துவைத்தேன். என்ன செய்ய, பழக்கதோஷம்.

பிறகு அவர்களுடைய தளபதி வந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடி போட்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் பேசுகிற சுத்தமான பிரெஞ்சில் பேசினார். என் தலைக்கவசத்தைக் கழற்றி எனக்கு முன்னால் மண்ணில் வைத்தார். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி நேராக வைத்தார். பிறகு அதைச் சுட்டார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காது அடைத்துப்போய், அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. காது திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“உன் விமானத்தில் இரண்டு இருக்கை,” என்றார். “இன்னொருவன் எங்கே?”

தெரியாது என்றேன். அவர் தன் ஆளிடம் திரும்பி, நான் கேட்கிறேனே என்ற கூச்சமே இல்லாமல் பிரெஞ்சிலேயே சொன்னார்: “பேரம் பேச ஒருவன் போதும். அந்த இன்னொருவனைச் சோறு போட்டுக் காப்பாற்ற என்னால் முடியாது. வெளியே வரவழைத்து முடித்துவிடலாம்.”

யான் கிடைத்தால் அவனைக் கொல்வார்கள். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

என்னை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றினார்கள். ஊரூராகப் போய் அறிவிப்புச் செய்கிற வண்டி. கூரைமேல் ஒலிபெருக்கி இருந்தது. வண்டியின் சொந்தக்காரர்தான் ஓட்டினார். பெரிய உடம்பு, கறுப்புக் கண்ணாடி, வண்டி முழுக்க அத்தர் மணம். என் பூட்ஸ் மண் அவருடைய சீட்டில் பட்டதைப் பார்த்து, எனக்குப் புரியாத மொழியில் திட்டினார். அவர் மட்டும்தான் அங்கே போரைப் பற்றிக் கவலைப்படாமல் சீட் உறையைப் பற்றிக் கவலைப்பட்டவர்.

பாறைமேட்டுக்குக் கீழே வண்டி நின்றது. தளபதி மைக்கை என் வாயருகே பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் பிரெஞ்சில் ஒப்பித்தேன்: “யான், நான் நலமாக இருக்கிறேன். இவர்கள் நல்லவர்கள். வெளியே வா. நம்மை ஒன்றும் செய்யமாட்டார்கள்.”

பாறைகள் அப்படியே இருந்தன. யான் இதை நம்பமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனால் தளபதி விடுவதாக இல்லை. இன்னொரு தடவை, இன்னும் அன்பாக, என்றார். துப்பாக்கி முனை என் விலா எலும்பில் இருந்தது. மூன்றாவது தடவை, நான்காவது தடவை இதையே கேட்டுக்கொண்டிருந்தால், ஒருவேளை காலில் அடிபட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்தால் அவன் நம்பிவிடக்கூடும். அவனை எப்படித் தடுப்பது? பிரெஞ்சு எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாலைவனத்தில் யாருக்கும் தெரியாத மொழி என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

இங்கேதான் என் குறும்பைச் சொல்ல வேண்டும். யானுக்கு நான் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தேன். தலைகீழாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ‘வா’ என்றால் ‘கிட்ட வராதே, தள்ளிப் போ’ என்று அர்த்தம், ‘போ’ என்றால் ‘வருக வருக’ என்று அர்த்தம். அவன் முதன்முதலில் புதுச்சேரிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பிட வந்த பங்குச் சாமியாரை வாசலிலேயே கைகூப்பி நிறுத்தி, “போ, சாமி, போ” என்றான். சாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். நான் சமையலறையில் தரையில் உருண்டு சிரித்தேன். அதற்குப் பிறகு திருத்தவேயில்லை. அப்படியொரு நகைச்சுவையை யார் வீணாக்குவார்கள்?

‘வராதே’ என்ற சொல் அவனுக்குத் தெரியாது. ஆனால் ‘வா’ தெரியும். அவனுக்கு ‘வா’ என்றால் ‘தள்ளிப் போ’.

மைக்கில் பிரெஞ்சு வசனத்தை ஒப்பித்துவிட்டு, கடைசியில் சேர்த்துக் கத்தினேன்: “யான்! வா! டேய், வா! வா!”

தளபதி மைக்கைப் பிடுங்கினார். “என்ன மொழி அது? என்ன சொன்னாய்?”

“எங்க ஊர் மொழி. வெளியே வரச் சொன்னேன்.”

“பொய்.”

விலாவில் இருந்த துப்பாக்கி கழுத்துக்கு ஏறியது. அப்போது முன் சீட்டிலிருந்து அந்தப் பெரிய உடம்பு மெதுவாகத் திரும்பியது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது. தளபதியிடம் ஏதோ சொன்னது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னது:

“நீ எந்த ஊரு?”

தமிழில்.

பிள்ளைகளா, விமானம் அடிபட்டபோது எனக்கு உண்டானதை அதிர்ச்சி என்று நான் நினைத்திருந்தேன். அது அதிர்ச்சியே இல்லை. சஹாராவில், கழுத்தில் துப்பாக்கியோடு, அத்தர் மணக்கிற ஒரு மனிதர் என்னிடம் ‘எந்த ஊரு’ என்று கேட்டாரே, அதுதான் அதிர்ச்சி. எனக்கு வாய் திறந்தது. மூடவில்லை.

“பா... பாண்டி.”

“பாண்டி!” அவர் முகம் மலர்ந்தது. “பாண்டி, விழுப்புரம் பக்கம். தெரியும். ஏழுமல விழுப்புரம். துபாய்ல ஒரே ரூம், ஒரே கட்டட வேல. ஏழுமல தெரியுமா?”

விழுப்புரத்தில் எத்தனை ஏழுமலை இருப்பார்கள் என்று நான் அவருக்கு எப்படி விளக்குவது? “தெரியும்” என்று தலையாட்டினேன். அந்த நிமிடத்தில் அவர் யாரைக் கேட்டிருந்தாலும் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர் தளபதியிடம் இன்னொரு முறை பெருமையாக விளக்கினார். தளபதி எனக்குப் பிரெஞ்சில் சொன்னார்: “நீ சொன்னது சரிதான் என்கிறான். ‘வா’ என்றால் அழைப்பதுதானாம்.” துப்பாக்கி கழுத்திலிருந்து விலாவுக்கு இறங்கியது.

யோசித்துப் பாருங்கள். நான் யானுக்கு ஒழுங்காகத் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தால், ‘வராதே’ என்று கத்தியிருப்பேன். இந்த மனிதர் அதையும் மொழிபெயர்த்திருப்பார். என் தலையும் தலைக்கவசத்தின் வழியே போயிருக்கும்.

ஓட்டுநருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வெகுகாலம் பூட்டிக் கிடந்த தமிழ் திறந்துகொண்டுவிட்டது. விரலை ஆட்டி என்னைக் கண்டித்தார்.

“வா சொல்லாத. தப்பு. ஏழுமல மேஸ்திரி. நான் ஒருநாள் ‘ஏழுமல வா’ சொன்னேன். தலையில குட்டுனான். ‘வாங்க’ சொல்லணும். வாங்க மேஸ்திரி, சாப்புடுங்க மேஸ்திரி. நீ வாங்க சொல்லு. ஆளு வரும்.”

தளபதியிடமும் இதை விளக்கினார் போலிருக்கிறது. தளபதி வாத்தியார் மாதிரி தலையசைத்து மைக்கை நீட்டினார். “மரியாதையாகக் கூப்பிடு.”

“யான், வாங்க,” என்றேன். குரல் கிறீச்சிட்டது. “வாங்க யான்... வாங்க... தயவுசெஞ்சு வாங்க...”

பாறைகள் அப்படியே இருந்தன. தூரத்தில் எங்கள் விமானங்களின் இரைச்சல் கேட்டது. தளபதி வானத்தைப் பார்த்தார், ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். பொழுது சாய்வதற்குள் அங்கிருந்து என்னைக் கொண்டுபோய்விட்டார்கள்.

பிறகு சிறை. சிறை என்றால் டயர் போட்டுவைக்கிற ஒரு அறை. அங்கே கழிந்த வாரங்களைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அடித்தார்கள். பிறகு அடிக்கவில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும்: கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும், யானுடைய தலைக்கவசத்தை மட்டும் உள்ளே உருட்டிவிடுவார்களோ என்று நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். சோற்றுத் தட்டு தரையில் வைக்கப்படுகிற சத்தம்கூட எனக்கு அதுவாகவே கேட்டது. ‘அவன் வரமாட்டான், அவனுக்கு வா-ன்னா போ-ன்னு அர்த்தம்’ என்று எனக்கு நானே ஜெபமாலை மாதிரி சொல்லிக்கொள்வேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன்.

யாரோ யாரிடமோ பேசி என்னை விடுவித்தார்கள். என்னை ஏற்றிப் போன விமானத்தில் ஒரு மருத்துவர்தான் சொன்னார்: அன்று பொழுது சாய்கிற நேரத்தில் யான் இருந்த இடத்துக்கு ஹெலிகாப்டர் வந்து அவனைத் தூக்கிவிட்டது. கணுக்கால் முறிவு. உயிரோடு இருக்கிறான். நான் அந்த மருத்துவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். பிறகு என் தமிழ்ச் சூழ்ச்சியை விலாவாரியாகச் சொன்னேன். அவர் ரசித்தார். அன்றிலிருந்து ஆரம்பித்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

விமானம் விழுந்ததைப் பற்றி விமானப்படை நடத்துகிற விசாரணை முடியும் வரை யானும் நானும் பேசிக்கொள்ளக் கூடாது என்பது உத்தரவு. அதனால் அவனைப் பார்க்காமலே லீவில் புதுச்சேரிக்கு வந்தேன். எங்கள் தெரு முனையில் மாலையோடு நின்றார்கள். யாரோ பாசமாகச் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். அடுத்த நொடி நான் அங்கே நின்ற ஒரு மினி லாரிக்கு அடியில் கிடந்தேன். மாலை போட வந்தவர் குனிந்து, “முசே, ஐயா, வெளிய வாங்க, பட்டாசுதான்” என்று கெஞ்சினார். என் மனைவி லாரிக்கு அடியில் ஊர்ந்து வந்து, புடவையெல்லாம் கிரீஸ் ஆக, என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். வெடி முடியும் வரை இருவரும் அப்படியே கிடந்தோம். வெளியே வந்து, வண்டிக்கு அடியில் ஆயில் ஒழுகுதான்னு பார்த்தேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

என் ‘வா’ கதை ஊர் முழுக்கப் பரவியது. பங்குச் சாமியார் பழைய கோபத்தை மறந்து பிரசங்கத்திலேயே சொன்னார். தமிழ் ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது.

விசாரணை முடிந்ததும் யான் வந்தான். ஊன்றுகோலோடு. அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் நான் மறுபடி கதையை நடித்துக் காட்டினேன்: தளபதியின் குரல், ஓட்டுநரின் விரல், ஏழுமலை, எல்லாம். அம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். யான் சிரிக்கவில்லை. தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அவன் பேசியது பிரெஞ்சில். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது புரியும்.

“எனக்கு வா-ன்னா என்னன்னு தெரியும்.”

“தெரியும்ல? தள்ளிப் போ!”

“இல்ல. வா-ன்னா வா. உன் மனைவி போன லீவுலயே சொல்லிட்டாங்க. அந்தச் சாமியார் விஷயத்துக்காக நான் வருத்தப்பட்டப்ப, எல்லாத்தையும் சரியாச் சொல்லிக் கொடுத்தாங்க. உங்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். ஒருநாள் உன்னை மடக்கலாம்னு இருந்தேன்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“பிரெஞ்சுல நீ சொன்னதைக் கேட்டுச் சிரிச்சேன். பக்கத்துல துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுது. ஆனா அப்புறம் தமிழ்ல ‘டேய் வா’ன்னு கத்துன. ஊர்ல நீ உன் ஆளுங்களைக் கூப்பிடுற மாதிரி. கால் வலியில உன் தலைகீழ் அர்த்தம் எனக்கு ஞாபகத்துக்கே வரல. தமிழ்ல சொன்னா அது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும், அதனால அது நெஜம்னு நினைச்சேன். எழுந்துட்டேன்.”

“எழுந்து?”

“பாறையைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறினேன். இன்னும் ஒரு பாறை தாண்டியிருந்தா உங்க வண்டிக்கு நேரா தெரிஞ்சிருப்பேன். கையைத் தூக்கத் தயாரா இருந்தேன்.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். டயர் அறையில் நான் ஜெபமாலையாக உருட்டிய சொல், ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்ட சொல், அவனைச் சாவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. என் வாயில் இருந்த சோறு சோறாகவே இல்லை. எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனேன். துப்பிவிட்டு, குழாயைத் திறந்து தலையை அதன் கீழே கொடுத்தேன்.

யான் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

“அப்புறம் ஏண்டா வரல?” என்றேன், தலையை நிமிர்த்தாமலே.

“நீ ‘வாங்க’ன்னியே.”

“அது அந்த ஏழுமலையோட... அந்த டிரைவர் சொல்லச் சொன்னது.”

“அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷத்துல நீ எனக்கு ஒரு ‘ங்க’ போட்டதில்ல. நீ ‘ங்க’ போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. இங்க, பைக்ல ஹெல்மெட் இல்லாம போய் நேரு வீதில போலீஸ்கிட்ட மாட்டினோமே. அப்ப உன் குரல் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? ‘சார் விட்டுடுங்க, வாங்க சார், போங்க சார்’னு. அதே குரல். உனக்குப் பயம் வந்தா மட்டும்தான் மரியாதை வரும். அந்தக் குரலைக் கேட்டதும் திரும்பப் படுத்துட்டேன்.”

உங்களுக்கு நான் இதிலிருந்து ஒன்றே ஒன்று சொல்வேன். நம் தொழிலில் எல்லோரும் பயத்தை மறைக்கப் பழகுகிறோம். நான் சிரிப்பால் மறைத்தேன். நீங்கள் வேறு எதனாலாவது மறைப்பீர்கள். எதிரியிடம் மறையுங்கள், மேலதிகாரியிடம் மறையுங்கள். உங்களோடு ஏறுகிறவனிடம் மறைக்காதீர்கள். உங்கள் பயம் எந்தக் குரலில் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் போட்ட திட்டம் அவனைக் கொன்றிருக்கும். அடக்க முடியாமல் வெளியே வந்த நடுக்கம்தான் அவனைக் காப்பாற்றியது. இதைக் கையேட்டில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் குழாயடியில் ஈரத் தலையோடு நின்று யானிடம், “மன்னிச்சிடு” என்றேன். அந்தச் சொல்லை அவனுக்கு நான் எந்த அர்த்தத்திலும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவன் சந்தேகமாகப் பார்த்தான்.

“அதற்கு என்ன அர்த்தம்?”

சொன்னேன். அவன் நம்பவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, என் மனைவியிடம் கேட்டான். “மதாம், ‘மன்னிச்சிடு’ன்னா என்ன?”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“யாரு சொன்னது?”

“உங்க வீட்டுக்காரர்.”

“அவரு வாயாலயா?” என்றபடி கைகூடத் துடைக்காமல் வெளியே ஓடி வந்தாள். ஈரக் கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். “என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு? ஒடம்பு கொதிக்குதா? யான், அவரப் புடிச்சிக்குங்க, விழுந்துடப் போறாரு!”

யான் ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டான்.